கட்டிலும் ஸ்கேனும்: ஒரு காப்புறுதி வாசகத்தின் வரலாறு

2014ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தேன். மருதமுனையில் கைத்தறிப் புடைவைக் கடை வைத்திருக்கும் என் மூத்த ராத்தாவின் கணவர், நான்காக மடித்த ஒரு கடிதத்துடன் வந்தார். "மச்சான், இதொருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. இவங்க என்ன சொல்றாங்க?" என்று நீட்டினார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருடைய தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்ததற்கான செலவைத் தரவியலாது என்று கொழும்பிலுள்ள ஒரு காப்புறுதிக் கம்பனி எழுதியிருந்தது. அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படவில்லை. நடந்தது நோயறிவதற்கான பரிசோதனை மாத்திரமே. பரிசோதனையில் நோய் எதுவும் காணப்படவில்லை. ஆகவே பத்திரத்தின் இன்ன விலக்கின்கீழ் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

பல வாரங்களாகத் தலையின் ஒரு பக்கத்தில் வலியும் இடையிடையே பார்வை மங்கலும் இருந்ததனால்தான் வைத்தியர் அந்த ஸ்கேனை எழுதியிருந்தார். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் சென்று, கையிலிருந்த பணத்தைக் கட்டி அவர் அதை எடுத்தார். அறிக்கையில் பழுது எதுவுமில்லை என்றறிந்து வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். அதே அறிக்கை பணத்தை மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக ஆயிற்று. நான் வாசித்துப் பொருள் சொன்னதும் மச்சான் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப ஒண்டும் இல்லண்டு வந்தா நான் சந்தோசப்படுறதா, கவலப்படுறதா?" என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. செய்தியாளன் என்ற பழக்கத்தினால், அந்த விலக்கு வாசகம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடத் தொடங்கினேன். தேடியதில் நான் விளங்கிக்கொண்டது இதுதான்: அந்த வாசகத்தை எவரும் வஞ்சகமாக உருவாக்கவில்லை. நோயைக் கண்டறிவதற்கே ஒருவர் கட்டிலில் படுக்க வேண்டியிருந்த காலத்தின் நியாயம் அது. அக்காலம் போய்விட்டது; வாசகம் மாத்திரம் நின்றுவிட்டது.

எங்கள் கரையோர மக்களுக்குக் காப்புறுதி என்ற சொல் வைத்தியசாலை வழியாக அறிமுகமாகவில்லை. வயல் வழியாகவே அறிமுகமானது. இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் ஒரு முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1973இல் அதற்கென ஒரு சபை ஏற்பட்டது. கரைவாகு வயல்களிலும் சம்மாந்துறைக் கண்டங்களிலும் வெள்ளாமை செய்தவர்கள் அதன் இயல்பை அறிவார்கள். வெள்ளத்தினாலோ வரட்சியினாலோ பயிர் அழிந்தால் அதிகாரி வரம்பில் நின்று பார்ப்பார். அழிவைக் கண்ணால் கண்டு அளவெடுத்துப் பதிவார். பின்னர் ஏதோ ஒரு தொகை வரும். பயிருக்கு நோயிருக்கிறதா என்று போடியார் தம் செலவில் ஆளனுப்பிப் பார்த்தால் அந்தக் கூலியை எவரும் தரமாட்டார்கள், எவரும் கேட்டதுமில்லை. காப்புறுதியின் அடிப்படைக் கணக்கு இதுவே. நேர்ந்துவிட்ட சேதத்துக்கு அது பணம் கொடுக்கும். சேதம் உண்டா என்று தேடும் செலவு அதன் பழைய கணக்கில் இல்லை.

இந்தக் கணக்கு கடல் வணிகத்திலிருந்து வந்தது. மூழ்கிய கப்பலும் எரிந்த கிட்டங்கியும் எல்லோருக்கும் தெரியும் சேதங்கள். அவை பற்றிய வழக்குகளில் வளர்ந்த ஆங்கிலச் சட்டம் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நம் நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமாக இருந்தபோதிலும், ஆயுள் காப்புறுதி, தீக்காப்புறுதி ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சட்டமே செல்லுபடியாகும் என்று குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் விதித்தது.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் தலையாய கோட்பாடு, இரு தரப்பும் ஒன்றுக்கொன்று முழு நேர்மையுடன் நடக்க வேண்டும் என்பது. அதை நிலைநாட்டிய வழக்கு 1766இல் தீர்க்கப்பட்டது. களம் நமக்கு அதிகத் தூரமில்லாத சுமாத்திராத் தீவு. அங்கிருந்த மார்ல்பரோக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பிய எதிரி எவரேனும் கோட்டையைப் பிடித்தால் ஏற்படும் இழப்புக்கு இலண்டனில் காப்புறுதி செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று காப்புறுதியாளர் பணம் மறுத்தார். வழக்கு மான்ஸ்பீல்ட் பிரபுவிடம் சென்றது. அறிந்ததை மறைப்பது ஒப்பந்தத்தைக் கெடுக்கும் என்று அவர் கூறிய பகுதியைக் கம்பனிகள் இரண்டரை நூற்றாண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றன. அந்த வழக்கில் வென்றவர் பணம் கேட்ட ஆளுநரே என்பதைப் பலர் அறியார். கேட்டு அறிந்திருக்கக் கூடியதைக் கேளாமல் பணம் வாங்கிக்கொண்டு, சேதம் வந்தபின் ஓட்டை தேடக்கூடாது என்பதும் அத்தீர்ப்பின் சாரந்தான். நேர்மை இரு பக்கத்துக்கும் உரியது என்று சொன்ன தீர்ப்பு அது.

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1962இல் ஆயுள் காப்புறுதியும் 1964இல் பொதுக் காப்புறுதியும் அரசின் ஏகபோகமாயின. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியம் இருந்தமையால், வைத்தியக் காப்புறுதியை நெடுங்காலம் எவரும் பெரிதாக எண்ணவில்லை. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி 1997இல் வந்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டு, அது அதன்கீழ் இயங்கலாயிற்று. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் நிறைந்த கல்முனைப் பிரதேசத்தில், சம்பளச் சீட்டின் ஒரு கழிவாகத்தான் வைத்தியக் காப்புறுதி பல வீடுகளுக்குள் நுழைந்தது.

எங்கள் ஊர்களில் இன்னொரு தயக்கமும் இருந்தது. வணிகக் காப்புறுதியில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருக்கின்றன என்ற மார்க்கக் கேள்வி அது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, நிலையான கட்டுப்பணம் வாங்கும் வணிகக் காப்புறுதி ஆகாது என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதி ஆகும் என்றும் தீர்மானித்தது. அதற்கு முன்னரே சூடானில் 1979இல் இஸ்லாமியக் காப்புறுதிக் கம்பனி தோன்றியிருந்தது. மலேசியா 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999இல் தொடங்கப்பட்டது. அதன்பின் தயக்கம் சற்றுக் குறைந்தது. மச்சானைப் போன்ற சிறு வியாபாரிகளின் கடைகளுக்கு முகவர்களாக வந்தவர்கள் வேற்றூரார் அல்லர். பக்கத்துத் தெருப் பிள்ளைகள். "உங்கட பிள்ளை சொல்றன், கையெழுத்த வைங்க" என்ற சொல்லை நம்பித்தான் பலரும் வைத்தார்கள். பத்திரத்தின் பின்பக்கத்திலிருந்த விலக்குகளைப் படித்தவர் குறைவு.

இனி அந்த விலக்குக்கு வருவோம். வைத்தியக் காப்புறுதி ஏன் கட்டிலைப் பற்றிக்கொண்டது? மூளையில் கட்டி இருக்கிறதா என்று அறிவதற்கு 1970களின் தொடக்கம் வரை இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும். றொன்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர் எலும்பைக் காட்டும். மென்மையான மூளையைக் காட்டாது. ஆகவே, 1919இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் வோல்டர் டாண்டி அறிமுகப்படுத்திய முறைப்படி, முதுகெலும்புத் துவாரத்தினூடாகக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் அறைகளை அடைந்தபின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். கடுமையான தலைவலியும் வாந்தியும் ஏற்படும். நோயாளி பல நாட்கள் படுக்கையில் கிடக்க வேண்டும். இரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுப்பது மற்றொரு வழி. வயிற்று நோயென்றால், வயிற்றைத் திறந்து பார்ப்பதே இறுதி வழியாக இருந்தது. சுருங்கச் சொன்னால், பெரிய நோயைத் தேடுவதற்கே வைத்தியசாலைக் கட்டில் வேண்டியிருந்தது. கட்டிலில் படுத்தவனுக்குப் பணம் என்ற விதி, தேடலையும் தன்னுள் அடக்கியே இருந்தது.

அந்த நிலையை மாற்றிய நாள் 1971 ஒக்டோபர் 1. இலண்டன் விம்பிள்டனில் அப்போதிருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், ஈ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சி.ரி. இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. மூளைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட அப்பெண்ணின் தலையைத் திறக்காமலே உள்ளிருந்த பழுது தெரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டும் அலன் கோமக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். காந்தப் புலத்தினால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு 1973இல் வழிகாட்டிய போல் லோட்டபருக்கும், அதை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் அப்பரிசு கிடைத்தது. இன்று நோயாளி நடந்து சென்று மேசையில் படுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் எழுந்து வீடு திரும்புகிறார். தேடலுக்குக் கட்டில் வேண்டியதில்லை என்றாயிற்று. மனிதனுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் கட்டிலோடு சேர்ந்து காப்புறுதியின் பாதுகாப்பும் கழன்று போயிற்று.

நம் அயலிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. இந்தியாவின் அரசுத்துறைப் பொதுக் காப்புறுதிக் கம்பனிகள் 1986இல் மெடிக்ளெய்ம் பத்திரத்தைத் தொடங்கின. குறைந்தது 24 மணித்தியாலம் வைத்தியசாலையில் தங்கியிருக்க வேண்டும் என்பது அதன் பொது நிபந்தனை. நோய் இருப்பது உறுதிப்பட்டு, அதன் சிகிச்சையோடு தொடர்புபட்டாலன்றி, எக்ஸ்-கதிர், ஆய்வுகூடம் முதலிய பரிசோதனைகளையே முதன்மை நோக்கமாகக் கொண்ட செலவுக்குப் பணமில்லை என்பது அதில் நெடுங்காலம் இருந்த விலக்கு. இதைப் போன்ற வாசகங்கள் பல நாடுகளின் பத்திரங்களில் உண்டு.

இதிலிருந்து மூன்று வகை மறுப்புகள் பிறக்கின்றன. வெளிநோயாளராகச் சென்று ஸ்கேன் செய்தால், கட்டிலில் படுக்கவில்லை என்று மறுப்பு. படுத்து எடுத்தால், பரிசோதனைக்காகவே படுத்தார் என்று மறுப்பு. ஸ்கேனில் முற்றிய நோய் வெளிப்பட்டால், இது பத்திரம் எடுக்கும் முன்னரே இருந்திருக்க வேண்டும், மறைத்துவிட்டீர் என்று மறுப்பு. மூன்றாவதுதான் சுமாத்திராக் கோட்டையின் பழைய வாதம். தம் உடலுக்குள் இருப்பதை ஸ்கேன் வரும்வரை அறியாதிருந்த மனிதர் எதை மறைத்தார் என்று கேட்க வேண்டிய இடம் அது.

கம்பனிகளின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. ஸ்கேன் இயந்திரம் பெருவிலையுடையது. வாங்கியவர் அதை ஓய்வின்றி ஓட்டவே விரும்புவார். சாதாரணத் தலைவலிக்கும் முதுகுவலிக்கும் ஸ்கேன் எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. கேட்ட ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுத்தால் எல்லோருடைய கட்டுப்பணமும் உயரும். அமெரிக்காவில் இதற்காகவே ஸ்கேனுக்கு முன் அனுமதி பெறும் முறை வளர்ந்தது. அந்த அனுமதியை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகளும் தோன்றின. 2017இல் ஆந்தம் என்னும் பெரிய காப்புறுதி நிறுவனம், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் எடுக்கப்படும் சி.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களுக்குத் தக்க மருத்துவக் காரணமின்றிப் பணம் தருவதில்லை என்று பல மாநிலங்களில் அறிவித்து, வைத்தியர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வீண் ஸ்கேனைத் தடுக்க வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. எது வீண் என்பதை எப்போது, யார் தீர்மானிப்பது என்பதே பிணக்கு. படம் வந்தபின், நோயில்லை என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இது தேவையற்றது என்று சொல்வது எளிது. வைத்தியர் எழுதும்போது அந்த முடிவு அவர் கையில் இருப்பதில்லை.

இக்கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை கண்டன. கம்பனி மறுத்தால் கம்பனியைச் சாராத வைத்தியர் ஒருவர் மீளாய்வு செய்ய வேண்டும் என்ற இலினோய் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2002இல் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சாதாரண மனிதரும் குறைந்த செலவில் கம்பனியை எதிர்த்து வழக்காடும் மன்றங்களைத் தந்தது. காப்புறுதி நிபந்தனைகள் நியாயமாக இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. 1998இல் அங்கே காப்புறுதிக் குறைகேள் அதிகாரி முறைக்கு விதிகள் வந்தன. 2019இல் ஒழுங்குபடுத்தும் ஆணையம் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரேவிதமான விலக்கு வாசகங்களை வகுத்தது. பரிசோதனைக்காகவே அனுமதிக்கப்படுவது பற்றிய விலக்கு அதில் 4ஆம் எண்ணைப் பெற்றது. விலக்கு நீங்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே சொற்களில் அதை அறிய முடிந்தது. 2023இல் வதோதரா நுகர்வோர் மன்றம், மருத்துவ நுட்பம் மாறிவிட்ட காலத்தில் 24 மணித்தியாலம் படுக்கவில்லை என்பதை மாத்திரம் காட்டிப் பணம் மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், சிகிச்சைகளோடு 23 நோயறி பரிசோதனைகளையும் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. தேடலும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான் என்று ஓர் அரசு ஏட்டில் எழுதிவைத்த செயல் அது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் காப்புறுதிச் சபை அமைந்தது. 2017இல் அது காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று பெயர் மாற்றம் பெற்றது. 2005இல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, அதாவது ஒம்புட்ஸ்மன் முறையும் வந்தது. முதலில் கம்பனியிடம் முறையிட்டு, அதன் பதிலில் திருப்தியில்லையேல் அவரிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. இந்தியாவிலுள்ளது போன்ற மாவட்ட நுகர்வோர் மன்றங்கள் நம்மிடம் இல்லை. கிழக்குக் கரையின் சிறு வியாபாரிக்குக் கொழும்பு அலுவலகமும் ஆங்கிலக் கடிதமும் இன்றும் தொலைவில்தான் இருக்கின்றன.

இவற்றில் எதையும் 2014இல் மச்சானுக்கு நான் சொல்லவில்லை, நானே அறிந்திருக்கவில்லை. பத்திரிகையில் முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய முறைப்பாடுகளை எழுதியவன், என் ராத்தாவின் வீட்டுக்கு வந்த கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னதோடு நின்றுவிட்டேன். அவர் கம்பனிக்கு மறுமொழி எழுதவில்லை. முகவராக வந்த பிள்ளை வெட்கத்தினால் அந்தத் தெருவால் போவதையே தவிர்த்தான். அடுத்த தவணைப் பணத்தை மச்சான் கட்டவில்லை, பத்திரம் காலாவதியாயிற்று.

2016இல் அவருக்கு விலாப்புறத்தில் வலி வந்தது. வயிற்றுக்கு சி.ரி. ஸ்கேன் செய்யும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை அவர் கடையின் கணக்குக் கொப்பிக்குள் வைத்துவிட்டார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அது அங்கேயே இருந்தது. சிறுநீரில் இரத்தம் கண்டபின்னரே ராத்தாவுக்கு விடயம் தெரிந்தது. அரசாங்க வைத்தியசாலையில் ஸ்கேன் செய்து, சிறுநீரகத்தில் கட்டி என்று அறிந்து, ஒரு சிறுநீரகத்தை அகற்றினார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மச்சான் என்னைப் பார்த்துவிட்டு, "போன முறையும் எடுத்தன், டொக்டர். ஒண்டும் இருக்கல்ல. காசுதான் போச்சு" என்றார். இரண்டாம் முறை நோய் இருந்தது. பழைய விலக்கின்படியே பார்த்தாலும் அந்த ஸ்கேனுக்குப் பணம் கேட்க இடமிருந்திருக்கும். கேட்பதற்குப் பத்திரம் உயிரோடில்லை. அல்லாஹ்வின் உதவியால் அவர் சுகமாக இருக்கிறார். இன்றும் கடை திறக்கிறார்.

மறுக்கப்பட்ட தொகை அவருக்குப் பெரிதுதான். ஆயினும் அதைவிடப் பெரிய சேதத்தை அந்த மறுப்பு செய்தது. நோயைத் தேடுவதே வீண்செலவு என்று அது ஒரு மனிதருக்குக் கற்பித்துவிட்டது.

அதன்பின், எங்கள் தெருவில் யாருக்கேனும் ஸ்கேன் எழுதப்பட்டால் என்னிடம் வருகிறார்கள். என்ன அறிகுறி, எத்தனை நாளாக, எந்த நோயைச் சந்தேகிக்கிறார் என்பதை வைத்தியரின் கையெழுத்தோடு வாங்கச் சொல்கிறேன். 'ஸ்கேன் தேவை' என்ற ஒற்றை வரி போதாது. அவசரமில்லையேல் கம்பனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். மறுப்பு வந்தால் எந்தப் பிரிவின்கீழ் என்று கேட்டுப் பதில் எழுதுகிறோம். அதற்கும் இணங்காவிட்டால் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுகிறோம். எல்லாம் வெல்வதில்லை. சில கடிதங்களுக்குப் பணம் வந்தது. சிலவற்றுக்கு அதே மூன்று வரிப் பதில் வந்தது.

மச்சானின் அந்த முதற்கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்குரிய பதிலை இப்போது என்னால் எழுத முடியும். அனுப்பும் காலந்தான் போய்விட்டது.